வீக்கம் வற்றிய பிறகு

மத்திகிரியில் எங்கள் லைன் வீடுகளுக்குத் தடுப்பூசி போட வரும் நர்சம்மா, காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

ஊசி போட்ட மறுநாள் என் மகளின் கை சிவந்து வீங்கிச் சுட்டது. பக்கத்து வீட்டுக்கு வந்த நர்சம்மாவை மறித்து, "பிள்ளை கையைக் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன்.

அவர் அந்தக் கையையும் கன்னத்தில் வைத்தார். "கெடலம்மா. உள்ளே புதுசா ஏதோ வந்திருக்குன்னு உடம்பு அங்கே ரத்தத்தைக் கூட்டுது, சண்டை போடப் பழகுது. அதான் சூடு. ரெண்டு நாள்ல வத்திடும்."

நான் நம்பவில்லை. என் சத்தம் கேட்டு மற்ற வீடுகளிலும் ஊசி வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இரண்டே நாளில் வீக்கம் வற்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நர்சம்மா என் வாசலில் நின்று, "பாப்பா கை எப்படிம்மா இருக்கு?" என்றார். கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அன்று கத்திய வாய்க்கு, "நல்லாயிருக்கு" என்று சொல்ல வரவில்லை.