அகல்யாவின் கல்யாணப் பாவு

ஃப்ளோரன்ஸ் ஆரணியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். கணவன் ஜான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. தொட்டியில் சின்னச் சந்தேகம் வந்தாலும், "ஃப்ளோரன்ஸ், இங்க கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிடுவான். பதினாறு வருட இல்லறத்தில் அவளுக்கு அதைவிடப் பெருமையான அழைப்பு வேறு இல்லை. டீச்சருக்குத் தெரியாதது இல்லை என்று தெருவே நம்பியது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

தை மாதம் நெசவாளி எல்லப்பன், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கொண்டுவந்தார். முப்பது வருடமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்த மனிதர், முதல் முறையாகத் தன் மகள் அகல்யாவின் முகூர்த்தப் புடவையைத் தறியில் ஏற்றப் போகிறார். குங்குமச் சிவப்பு கேட்டார். ஜானுக்கு அன்று பார்த்துக் கைப்பிசகு. சிவப்பு முற்றிப் போயிற்று.

"கருப்பு அடிக்குதே ஜானு! முகூர்த்தத்துல இத எப்டிப்பா கட்டறது? சம்பந்தி வீட்ல இன்னா சொல்வாங்க?"

எல்லப்பன் புலம்பிவிட்டுப் போனதும் ஃப்ளோரன்ஸ் ஜானுக்குப் பாடமே நடத்தினாள். பட்டு சாயத்தைப் பிடிப்பதும் விடுவதும் ஒரே நேரத்தில் நடக்கிற மீள்வினை. இரண்டும் சம வேகத்தில் நடந்தால் வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும், அதுதான் சமநிலை. அமிலம் சேர்த்தால் சாயம் நூல் பக்கம் போகும், காரம் சேர்த்தால் தண்ணீருக்குத் திரும்பும்.

"அப்போ சோடா உப்பு போட்டு மெதுவா எறக்கறேன். ரெண்டு நாள் ஆவும்" என்றான் ஜான்.

"எதுக்கு ரெண்டு நாளு? காரம் ஏற ஏற ஜல்தியா எறங்கிடும். அந்தக் காஸ்டிக்கப் போடுங்க." பருத்தி நூலுக்காக மூலையில் இருந்த, கடுங்காரமான காஸ்டிக் சோடா டப்பாவைக் காட்டினாள்.

"பட்டு தாங்குமா?"

"நான் சொல்றன் இல்ல?"

கொதிக்கும் தொட்டியில் சிவப்பு கரைந்து இறங்கியபோது அவளுக்குக் கைதட்டத் தோன்றியது. நூல் கொஞ்சம் துவண்ட மாதிரி இருப்பதாக ஜான் சொன்னான். காய்ந்தால் சரியாகிவிடும் என்றாள். மறுபடி சாயம் போட்டார்கள். அசல் குங்கும நிறம்.

தறியில் ஏறிய மூன்றாம் நாள் இழைகள் பொலபொலவென்று அறுந்தன. ஃப்ளோரன்ஸ் ஓடிப் போய்ப் பார்த்தாள். எல்லப்பன், முடிச்சுப் போட்டுப் புண்ணான விரல் நுனியில் துணி சுற்றிக்கொண்டு குனிந்திருந்தார்.

"இந்தாண்ட முடிச்சு போட்டுகினே இருக்கறேன் டீச்சர், அந்தாண்ட அறுந்துகினே இருக்குது."

போடும் வேகமும் அறும் வேகமும் ஒன்றாக இருந்தன. காலையில் நான்கு விரற்கடை இருந்த புடவை மாலையிலும் நான்கு விரற்கடைதான். சாயம் போய்த் திரும்பும். ஆனால் காஸ்டிக் பட்டின் இழையையே உள்ளே துண்டாக்கியிருந்தது. அந்த வினை திரும்பாது. எந்த அமிலத்தாலும் அதை ஒட்டவைக்க முடியாது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடும் விஷயம் இது. பெருமை கண்ணை மறைத்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நாங்க வேற நூல் தர்றோங்க."

"நாள் இல்லியே டீச்சர். அடுத்த புதன்கிழம முகூர்த்தம்." எல்லப்பன் கத்தரியை எடுத்துத் தறியிலிருந்த பாவு நூலை அறுத்தார்.

அகல்யா கடைப்புடவையில் மணவறைக்கு வந்தாள். மண்டப வாசலில் எல்லப்பன் எல்லோரையும் போல ஃப்ளோரன்ஸையும் ஜானையும், "வாங்க, சாப்ட்டுத்தான் போவணும்" என்று கும்பிட்டார். அந்த விரல்களில் துணிச்சுற்று அப்படியே இருந்தது. ஃப்ளோரன்ஸுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. செத்துப் போகலாம் போல இருந்தது.

மறுவாரம் ஒரு பச்சைச் சாயத்துக்கு எவ்வளவு வினிகர் ஊற்றுவது என்று ஜானுக்குச் சந்தேகம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் நின்றிருந்த அவளைத் தாண்டித் தெருவுக்குப் போய், போளூரில் இருக்கும் வேறொரு சாயக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்டான்.