கச்சிராயபாளையத்தில் இறங்கியவர்

வலது புருவத்துக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி. எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று தெரிவதற்காகக் கண் முகாமில் ஒட்டிவிட்டது. கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் நான் எழுத்தராக இருந்த காலம். எங்கள் சமையல்கார அண்ணன் அந்தப் பிளாஸ்திரியோடு முகாம் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவரை ஏற்றியதே நான்தான். சோற்றில் கல் கிடக்கிறதென்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவர் அரிசியைக் கண்ணால் அல்ல, விரலால் பார்க்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். வேலை போய்விடுமோ என்று ஒளித்து வைத்திருந்தவரை, புரை எடுப்பது கால் மணி நேரச் சமாச்சாரம் என்று ஒரு மாதம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பஸ்ஸில் எல்லார் முகத்திலும் கிலி. நாலு பேர் கூடினால் சிரிக்க வைத்தே தீருவது என்கிற வியாதி எனக்கு. அதற்கு ஆபரேஷன் கிடையாது. எடுத்துவிட்டேன் ஒரு ஜோக்கை: ஒரு டாக்டர் கண்ணை மாற்றி அறுத்துவிட்டாராம், கேட்டதற்கு, நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் இடது என்றாராம். பஸ் குலுங்கியது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அண்ணன்தான்.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். திரும்பி ஏறினால் அவர் இடம் காலி. முன் சீட்டுக் கம்பியில் பிளாஸ்திரி மட்டும் ஒட்டியிருந்தது.

மறுநாள் அவர் வழக்கம்போல அரிசி களைந்துகொண்டிருந்தார். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"எந்தக் கண்ணுன்னு அவங்களுக்கே தெரியலன்னா, நான் இன்னா சார் பண்றது?"

அது வெறும் ஜோக் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஜோக்கை விளக்க நேர்வதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் புரை முற்றி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, அந்தக் கண் போயிற்று. வேலையும் போயிற்று. நான் மாறுதல் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். எட்டு வருஷம் மலை ஏறவில்லை.

போன மாதம் எனக்கே புரை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற ஆசாமி, மேசையில் படுத்ததும் தெரிந்த செபங்களையெல்லாம் வரிசை தப்பிச் சொன்னேன். எந்தக் கண் என்று நர்ஸம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். கால் மணி நேரந்தான். கட்டுப் பிரித்த பிறகு எல்லாமே கூச்சமில்லாமல் தெளிவாகத் தெரிந்தன. கண்ணாடியில் என் முகம் உட்பட.

அவர் வீட்டுக்குப் போனேன். மிச்சமிருந்த கண்ணிலும் புரை படர்ந்திருந்தது. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். எனக்கு நடந்ததைச் சொன்னேன். இந்த ஒன்றையும் விட்டுவிட வேண்டாமென்று கெஞ்சினேன்.

"வரேன். நீங்களும் கூட வரணும். ஆனா, வழில ஒண்ணும் பேசக் கூடாது."

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, நான் வாயே திறக்கவில்லை. என் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள். உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது அவர் கை சீட்டைத் துழாவி வந்து என் முழங்காலில் நின்றது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.