ஏழாவது இடத்துச் சாப்பாடு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். பயமில்லை, அலுப்பு. தோட்டத்தில் பிறந்தவன், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு செம்பனைக் குலை சுமந்தவன், பிறகு மலாக்கா பக்கத்துச் செங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் இரவு வேலை பார்த்தவன். அந்த மாதிரி ஏதாவது இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது என் எதிரே வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது நான் சொல்லப்போவதும் இருட்டில் நடந்ததில்லை, நல்ல மத்தியான வெளிச்சத்தில் நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. வேறு ஒருத்தர் இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன்.

தொழிற்சாலையை மூடிய பிறகு அசஹான் பக்கம், லேடாங் மலைச் சரிவில் இருக்கிற ஒரு தியான இல்லத்தில் வேலை கிடைத்தது. கிறிஸ்தவர்கள் நடத்துவது. நான் முனியாண்டி சாமியைக் கும்பிடுகிறவன், அது அவர்களுக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. புல் வெட்டுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது, சமையல்கட்டுக்குக் கைவேலை செய்வது, இதுதான் என் வேலை. ஒவ்வொரு வருஷமும் அங்கே ஏழெட்டு பிள்ளைகள் வந்து தங்குவார்கள். படிவம் ஆறு முடித்து, பல்கலைக்கழகம் போவதற்கு முன்னால் ஒரு வருஷத்தைக் கடவுளுக்குக் கொடுக்கிறோம் என்று வருகிறவர்கள். இன்டர்ன் என்று சொல்வார்கள். காலையில் பைபிள் வகுப்பு, அதற்குப் பிறகு முகாமுக்கு வருகிற கூட்டத்துக்கு அறை கூட்டுவது, மெத்தை காயவைப்பது, பாத்திரம் கழுவுவது. வீட்டில் தட்டைக்கூட எடுத்துவைக்காத பிள்ளைகள் அங்கே கக்கூஸ் கழுவிக்கொண்டு பாட்டுப் பாடும்.

மாதத்தில் ஒரு நாள் அவர்களுக்கு மௌன நாள். இல்லத்தை நடத்துகிற எட்வின் பாஸ்டர் வைத்த வழக்கம் அது. காலை ஏழு மணிக்குக் கைத்தொலைபேசிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பாய், பைபிள், தண்ணீர்ப் போத்தல், இல்லத்தில் கொடுத்த நீல ஜாக்கெட், இவ்வளவோடு மலைமேல் போய்விடுவார்கள். ஒற்றையடிப் பாதையோரமாக எட்டு இடம் இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியாது, ஒவ்வொன்றிலும் ஒரு பலகையில் நம்பர் எழுதியிருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் மணி அடிக்கும் வரைக்கும் யாரும் யாரோடும் பேசக்கூடாது. பாதைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், யார் வந்தாலும் திரும்பக்கூடாது. மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற மரக்கட்டையில் வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுவேன். சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நான்கு மணிக்கு அதை எடுக்கப் போவேன். நிமிர்ந்தபடி இருந்தால் ஏதோ சரியில்லை, பாஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த நாள் பிடிக்கும். சமையல்கட்டு லூர்து அக்கா கிண்டல் செய்வார். "இந்த வேலைக்கு ஒன்னத்தான் கடவுள் செஞ்சு அனுப்பிருக்காரு ராமையா. மத்தவனுக்கு வாய மூடுறது கஷ்டம், ஒனக்குத் தொறக்குறதுதான் கஷ்டம்."

அந்த வருஷம் வந்த பிள்ளைகளில் ஷரோன் என்று ஒரு பெண். செங்கில்தான் வீடு, அம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. நானும் அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததிலிருந்து அங்கிள், அங்கிள் என்று ஓயாமல் பேசும், நான் உம் கொட்டினால் அதற்குப் போதும். அன்றைக்குக் காலையில் தகரத்தில் கைத்தொலைபேசியைப் போடும்போதும், "ஏழாவது எடம் எனக்கு அங்கிள். அஞ்சு மணிக்குள்ள எனக்கு நாக்கு துரு புடிச்சிரும், நீங்கதான் எண்ண போடணும்" என்றது. எண்ணெயைக்கூட அது எண்ண என்றுதான் சொல்லும். பாஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே மேலே ஏறியது.

பன்னிரண்டரைக்கு நான் கிளம்பினேன். சோறு, நெத்திலி சம்பல், பயத்தங்காய்ப் பொரியல். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் வழக்கம் போல, ஆறு முதுகு. ஏழாவது இடத்துக்குப் போனபோது மணி ஒன்று இருக்கும். பாயை விரித்து ஷரோன் உட்கார்ந்திருந்தது. நீல ஜாக்கெட், நீளப் பின்னல், அதன் நுனியில் மஞ்சள் ரப்பர். எனக்கு வித்தியாசமாகத் தெரிந்த ஒரே விஷயம், அது ஆடாமல் அசையாமல் இருந்தது. வகுப்பிலேயே காலாட்டிக்கொண்டு இருக்கிற பிள்ளை. பரவாயில்லையே, பழகிக்கொண்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. டப்பாவை வைத்தேன், இரண்டு தட்டு தட்டினேன், எட்டாவது இடத்துக்கு ஏறினேன்.

நான்கு மணிக்கு மறுபடியும் போனேன். ஏழாவது இடத்தில் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஷரோன் அப்படியே உட்கார்ந்திருந்தது. கீழே வந்து பாஸ்டரிடம், "எட்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். அதைச் சொன்னது நான்தான், என் வாய்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தேன். ஏழு பேர் இறங்கி வந்தார்கள். கால் மணி நேரம் பார்த்தோம், ஜெபத்தில் நேரம் தெரியாமல் இருக்கும் என்றார் பாஸ்டர். அரை மணி ஆனதும் நானும் அவரும் ஏறினோம். ஏழாவது இடத்தில் ஆளில்லை. பாய் கிடந்தது, சுருட்டிக் கட்டினபடி. காலையில் நான்தான் எட்டுப் பாயையும் ரப்பர் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தேன், அந்த ரப்பர்கூட அவிழவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன்.

அந்த இடத்துக்குக் கீழே செங்குத்தான பள்ளம், அடியில் ஓடை. தண்ணீர்ச் சத்தத்தில் ஆள் கூப்பிட்டால் மேலே கேட்காது. புல் சறுக்கின தடம் தெரிந்தது. நான் வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஷரோன் பாறையில் சாய்ந்து கிடந்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணிப் போய், முகமெல்லாம் கொசுக் கடி. காலையில் போனதுமே, பாயைக்கூட விரிக்காமல், முகம் கழுவ இறங்கி விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அது அழவில்லை. கோபமாக, தொண்டை கட்டிப்போன குரலில் கேட்டது, "மறுபடியும் வந்துட்டீங்களா அங்கிள்? இப்பயாச்சும் பேசுவீங்களா?"

வலியில் உளறுகிறது என்று நினைத்தேன். முதுகில் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் ஓடிப்போய்க் கொண்டுவந்த கயிற்றை மேலே பாஸ்டர் இழுக்க, எப்படியோ ஏற்றினோம். ஆம்புலன்ஸ் வருகிற நேரத்தில் நாமே போய்விடலாம் என்று பாஸ்டர் வேனை எடுத்தார். பின்னால் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான். மலாக்கா போகிற வழியில் ஜாசின் ஊரைத் தாண்டும்போது வாந்தி எடுத்தது, என் சட்டை மேலேயே. சோறு, பயத்தங்காய், நெத்திலி. காலையில் அவர்களுக்கு ரொட்டிதான். பாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி இல்லத்துக்குத் திரும்பியதும் நடந்ததை அப்படியே சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. லூர்து அக்கா சமையல்கட்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ராமையா, என்னப் பாத்துச் சொல்லு. மேல ஏற சோம்பல் பட்டுட்டியா?"

"இல்லக்கா. ஏறுனேன்."

"ஏறுனா புள்ள இல்லாதது எப்புடித் தெரியாமப் போச்சி?"

"இருந்திச்சிக்கா. பாத்தேன்."

"அப்ப அது வயித்துக்குள்ள சோறு எப்புடிப் போச்சி? பறந்து போச்சா?"

பாஸ்டர் நல்ல மனுஷர், அதட்டவில்லை. "இல்ல ராமையா, ஒருவேளை கீழ எறங்கிப் பாத்துட்டு, பயத்துல... மனுஷனுக்கு அப்புடி ஆவும். தப்பா நெனைக்க மாட்டேன். உண்மைய மட்டும் சொல்லிடுங்க" என்றார். நான் பார்த்தேன், உண்மையைச் சொல்லிவிட்டேன், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பெண் பிள்ளை கால் உடைந்து கிடக்கிறது, அதற்குச் சோற்றை மட்டும் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டவன் என்று ஆகிவிட்டேன். எனக்கு வேறு சொத்து கிடையாது. ராமையா சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், அது ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் குற்றம் செய்தவன் மாதிரி ஆகிவிடும், போனாலும் அப்படித்தான் இருந்தது. ஷரோன் காலில் கம்பி போட்டுப் படுத்திருந்தது. அதன் அம்மா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு இருந்தார். வாங்கிப்போன மைலோ பாக்கெட்டை மேசையில் வைத்தேன். ஷரோன்தான் பேசியது.

"அங்கிள், ஒரு மணி இருக்கும். வாட்ச் பாத்தேன். நீங்க எறங்கி வந்தீங்க, டப்பாவ வச்சீங்க, ரெண்டு தட்டு தட்டுனீங்க. அப்புறம் அந்தக் கல்லுல எனக்கு முதுகக் காட்டி ஒக்காந்தீங்க. நான் எவ்ளோ கூப்புட்டேன் தெரியுமா? கால் போச்சி அங்கிள்னு கத்துனேன். திரும்பவே இல்ல. ரூல்னு நெனச்சி ஒக்காந்திருக்காருன்னு எனக்கு அப்புடி ஆத்திரம் வந்திச்சி."

"அப்புறம் ஏம்மா சாப்புட்ட?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வந்தது.

"பசி தாங்கல அங்கிள். ஆனா டப்பாவக் கவுக்கல. கவுக்காம வச்சா நீங்க பாத்து பாஸ்டர்கிட்ட சொல்லுவீங்கல்ல. நிமித்திதான் வச்சேன். நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க."

நான் எடுத்த டப்பா கவிழ்ந்திருந்தது. மேலே, ஏழாவது இடத்து மரக்கட்டையில்.

"மொதல்ல ஒங்க மேல ரொம்பக் கோவம் அங்கிள்" என்றது அது. "மூணு நாளா ஜெபம் பண்ணேன். இப்ப இல்ல. நான் ஒங்கள மன்னிச்சிட்டேன். அதச் சொல்லத்தான் நீங்க வரணும்னு இருந்தேன்."

நான் வரவில்லை அம்மா, அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நம்புங்கள், அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பிறகு அதன் முகத்தைப் பார்த்தேன். அது இன்னும் ஆறு வாரம் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். நானில்லை என்றால் அந்தப் பள்ளத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், அந்த உருவம் வைத்த சோற்றையா நான் சாப்பிட்டேன் என்று ராத்திரி எல்லாம் அது யோசிக்கும். சோம்பேறியோ, பயந்தாங்கொள்ளியோ, ஒரு மனுஷன் வந்தான் என்று இருந்தால் அதற்குத் தூக்கம் வரும்.

"சரிம்மா" என்றேன். "தப்புதாம்மா."

அதோடு என் பேர் போய்விட்டது, நானே கொடுத்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் இல்லத்தில் என்னை அப்படித்தான் நினைக்கிறார்கள், பாஸ்டர் உட்பட. வேலையை விட்டு எடுக்கவில்லை. எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். லூர்து அக்கா மட்டும் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். இப்போது மௌன நாளில் திரும்பிப் பார்க்கலாம், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று பாஸ்டர் மாற்றிவிட்டார். ஷரோன் இப்போது கோலாலம்பூரில் படிக்கிறது, லேசாகத் தாங்கி நடக்கிறதாம்.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அன்றைக்கு அதன் அம்மா என்னை லிப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். என் மேல் கோபம் மாதிரி தெரியவில்லை. லிப்டுக்குக் காத்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஷரோன் அன்னிக்கி ஆஸ்பத்திரி வாசல்லயே எங்கிட்டச் சொல்லிச்சி. நீங்க அவகிட்ட ஒண்ணுமே பேசலையாம், எந்திரிச்சிப் போவும்போது மட்டும், 'மேல ஒரு புள்ள தனியா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனீங்களாம். அவளுக்கு அதுதான் ரொம்ப வேதனையாப் போச்சி, இவ்ளோ கெடக்குறேன், வேற யாரையோ பாக்கப் போறாரேன்னு. யாருண்ணே அந்தப் புள்ள? அது நல்லா இருக்கா?"

ஆஸ்பத்திரி வாசலில் ஷரோன் அதைச் சொன்ன நேரத்தில், நான் மேலே யாரைப் பார்த்தேன் என்று அதுவரைக்கும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, ஷரோனுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. லிப்ட் வந்தது. தெரியலம்மா என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அது நல்லா இருக்கா என்ற அந்தக் கேள்வி மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. ஷரோன் கிடைத்ததும் நாங்கள் எல்லாரும் பதறிக்கொண்டு கீழே இறங்கிவிட்டோம். மத்தியானம் ஒரு மணிக்கும் சாயங்காலம் நான்கு மணிக்கும் ஏழாவது இடத்தில் ஆடாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை யாரும் தேடவில்லை. அதைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.