இரண்டு லட்சத்து அறுபதாயிரம்

என் தம்பி மனைவி மாதம் ஒருமுறையாவது எனக்குப் போன் செய்வார். அங்கே மழை உண்டா, முட்டி வலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன் தவறாமல் இன்னொன்றும் கேட்பார். "கவுன்ட் பாத்தீங்களா மாமா?" பாத்தேனுங்க அம்மணி, பரவாயில்லை என்பேன். பன்னிரண்டு வருடங்களாக இதே கேள்வி, இதே பதில். எனக்குப் பிளேட்லெட் குறைவு கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. இருப்பதாக அவரிடம் சொன்னவன் நான்தான். ஏன் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எனக்கு எழுபது வயதாகிறது.

நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். என்னைவிட நான்கு வயது இளையவனான தம்பி, கணபதி என்னும் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தான். என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அது போன பத்தாம் நாள் அவள் கால்களில் ரவையைத் தெளித்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. பல் துலக்கினால் ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ஒன்பதாயிரம்தான் இருந்தன. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை. காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு உடம்பே தன் தட்டணுக்களை அழித்துக்கொள்ளும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சோதிக்கச் சொன்னார்.

அப்போது எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. தம்பிதான் அவளைத் தன் மொபெட்டில் லேபுக்குக் கூட்டிப் போனான். முடிவு வந்ததும் பட்டறைச் சுவரில், வெட்ட வேண்டிய இரும்புகளின் அளவுகளுக்குப் பக்கத்திலேயே, அன்றைய கவுன்ட்டையும் சாக்பீஸால் எழுதிவைப்பான்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கு எத்தனை ரன்னுங்க?"

"பதினெட்டாயிரம் சித்தப்பா."

"இதெல்லாம் ஒரு ஆட்டமாங்க? நம்ம பட்டறைப் பசங்க இதைவிட நல்லா ஆடுவாங்க. நாளன்னைக்கு அரைசதம் அடிக்கோணும், சொல்லிப்போட்டேன்."

மாத்திரையால் முகம் ஊதிப்போயிருந்த அந்தப் பெண், ஊசிக்குக் கை நீட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். லேப் தாள்களை அவன் நாள்வாரியாக ஒரு கோப்பில் அடுக்கினான். படித்து முடித்த ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவான். அது பட்டறைப் பழக்கம். வரைபடத்தோடு அளவைச் சரிபார்த்துவிட்டேன் என்பதற்கு அப்படித்தான் அடையாளம் வைப்பான்.

ஆறு வாரத்தில் கவுன்ட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பட்டறையில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான். அன்று மாலை நான் போய்ச் சுவரைப் பார்த்தேன். வந்து போகிற எவருக்கும் தெரிகிற இடத்தில் என் மகளின் நோய் வரிசையாக எழுதப்பட்டிருந்தது.

"எதுக்குடா ஊருக்கெல்லாம் தெரியப்படுத்தற? பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேண்டாமா?"

அவன் எண்ணெய் துடைக்கும் கழிவு நூலைத் தண்ணீரில் நனைத்துச் சுவரைத் துடைத்தான். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்ணா," என்றான்.

அவளுக்கு இருபத்து நான்கு வயதானபோது மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சென்னிமலைக் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பையனையும் பெண்ணையும் சற்றுத் தள்ளிப் போய்ப் பேசச் சொன்னோம். இருவருக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு, உப்புச் சர்க்கரை மாற்ற நாளும் குறித்தாயிற்று. அதற்கு நான்கு நாள் முன்பு மாப்பிள்ளையின் பெரியப்பா தம்பியின் பட்டறைக்குப் போயிருந்தார். பங்காளி வீடுகளில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். மறுநாள் தரகர் போன் செய்தார்.

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணுக்கு ரத்தத்துல ஏதோன்னு சொல்லிக்கறாங்களாமுங்க. இப்பத்திக்கு வேண்டாம்ன்னுட்டாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

பட்டறைச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அவை வெறும் எண்கள்தான்; என் மகளுக்கு வந்த நோய் என்னவென்று எங்கள் வீட்டில் மூவருக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். தம்பி மனைவியிடம்கூட வெறும் காய்ச்சல் என்றே சொல்லியிருந்தோம். வீட்டில் மூவரும் சொல்லியிருக்க மாட்டோம். ஆகவே சொன்னது தம்பி. கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை. என் குழந்தையை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவனே அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்ற நினைப்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரில் யார் செய்திருந்தாலும் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். கூடப் பிறந்தவன் என்பதால் முடியவில்லை.

அவனிடம் நான் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்: "நீயா சொன்னே?" கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பகை வந்துவிட்டால் யாரும் கத்துவதில்லை. அந்த வீட்டில் கை நனைக்காமல் இருந்துவிடுவோம். விசேஷத்துக்குப் போவேன், மொய் வைப்பேன், பந்தியில் உட்கார மாட்டேன். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்தால், "இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேனுங்க அம்மணி," என்பேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது தம்பி என் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். காரணம்தான் அவனுக்குத் தெரியாது. மூத்தவனிடம் காரணம் கேட்பது மரியாதையில்லை என்று அவனும் கேட்கவில்லை. மகளுக்கு அடுத்த வருடமே திருப்பூரில் நல்ல இடம் அமைந்தது. என் கோபம் அதனால் குறையவில்லை. இப்படியே ஆறு வருடங்கள் போயின.

பிறகு அவனுக்கு நோய் வந்தது. எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திக்கொண்டது. கவுன்ட் எட்டாயிரம், ஏழாயிரம் என்று விழுந்தது. வாய்க்குள் ரத்தக் கொப்புளங்கள். வாரம் ஒருமுறையாவது பிளேட்லெட் ஏற்ற வேண்டும். எடுத்த ஐந்து நாளுக்குள் ஏற்றிவிட வேண்டிய சரக்கு அது. சேர்த்து வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஆள் தேட வேண்டும். ஒரு காலையில் தம்பி மனைவி எனக்குப் போன் செய்தார்.

"மாமா, உங்களுக்கும் அவருக்கும் ஒரே குரூப்புன்னு சொன்னாருங்க. இன்னைக்கு ஆளே கெடைக்கலீங்க. நீங்க வருவீங்களான்னு..." 

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ரத்தம் வேணும்ன்னா மட்டும் அண்ணன் ஞாபகம் வருதாக்கும்," என்றாள். அவள் அப்படிச் சொன்னதால் நான் இப்படிச் செய்தேன் என்று எழுத மாட்டேன். அவள் சொன்ன பிறகும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன்.

ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் கையில் ஒரு சின்னக் குழாய் அளவு ரத்தம் எடுத்தார்கள். கொடுப்பவருக்கு ஒன்றரை லட்சம் இருந்தால்தான் பிளேட்லெட் பிரிக்கும் மெஷினில் போடுவார்களாம். காத்திருந்த பெஞ்சுக்கு எதிரே கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு இளைஞர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். அவருடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியேறி, மெஷினில் சுற்றி, இன்னொரு குழாயில் அவருக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. மேலே தொங்கிய பையில் மட்டும் மஞ்சளாக ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பட்டறைச் சுவரும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் அன்று சொன்னதும் ஞாபகம் வந்தன.

"சார், ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். இந்த வயசுக்குச் சூப்பர் கவுன்ட். வாங்க, படுங்க," என்றாள் லேப் பெண்.

"ஒரு போன் பேசிப்போட்டு வாரேனுங்க," என்று வெளியே வந்தேன். நேராகப் படி இறங்கி, பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அங்கிருந்து தம்பி மனைவியைக் கூப்பிட்டேன்.

"எனக்குக் கவுன்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் இருக்குதாமுங்க அம்மணி. எடுக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டாங்க."

"அய்யோ! உங்களுக்கும் கம்மியாங்க மாமா?" என்றார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்காக. "அசால்ட்டா இருந்துபோடாதீங்க. நல்ல டாக்டரா பாருங்க. இவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." தாளைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. பெரியவர் சொன்னால் சரிதான்.

மறுநாள் பட்டறையில் வேலை செய்தவர் ஒருவர் வீட்டுக்கு ஒரு பை கொண்டுவந்தார். பைக்குள் பப்பாளி இலைகள். கவுன்ட் ஏறுவதற்காகத் தம்பிக்குச் சாறு கொடுக்கவென்று அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் வளர்த்த மரத்தின் இலைகள். "அண்ணனுக்குக் குடுத்துட்டு வரச் சொல்லி அவருதான் அனுப்புனாருங்க," என்றார். நான் வாங்கி, அவர் தெரு முனை தாண்டியதும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மாலைக்குள்ளேயே தம்பிக்கு வேறொருவர் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகும் நான்கு மாதம் இருந்தான். கடைசியில் அவனைக் கொண்டுபோனது நுரையீரலில் வந்த தொற்று. நீங்கள் கொடுத்திருந்தாலும் முடிவு இதுதான் என்று டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். நான் செய்ததற்கும் அவர் சொன்னதற்கும் சம்பந்தமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகளோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். அவள் அழுது ஓய்ந்திருந்தாள். "நல்ல மனுசன்தான். உன் விஷயத்துல மட்டும் அப்படிப் பண்ணிப்போட்டான்," என்றேன்.

"என்ன விஷயம்?"

மேட்டுப்பாளையத்துச் சம்பந்தம் என்றேன். அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"அதை நான்தானுங்கப்பா சொன்னேன். சென்னிமலையில தனியாப் பேசச் சொல்லி அனுப்புனீங்களே, அப்ப. உடம்புக்கு எப்பவாச்சும் பெருசா வந்திருக்கான்னு அவரு கேட்டாரு. வந்துச்சு, சரியாயிருச்சுன்னேன். அவரு அப்புறமா வீட்டுல சொல்லியிருப்பாரு. திருப்பூருலயும் நான் சொல்லித்தான் கட்டினேன். அவங்க ஒண்ணும் நெனைக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. சித்தப்பாவோட உங்களுக்குத் தோட்டத்து வழித் தகராறுன்னுதான் நெனைச்சுட்டிருந்தேன்." என் பக்கம் திரும்பி, "இதுக்காகவாப்பா?" என்றாள்.

முதலில் என்னுள் எழுந்தது வருத்தம் அல்ல. இவளும் என்னை ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம்தான் வந்தது. வீடு வரை அந்தக் கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது வடிந்துவிட்டது. அதன் பிறகு பிடித்துக்கொள்ள என்னிடம் எதுவும் இருக்கவில்லை. எனக்கு யாரும் துரோகம் செய்யவில்லை. ஆறு வருடங்கள் ஒருவரும் செய்யாத குற்றத்துக்கு என் தம்பியைத் தண்டித்திருக்கிறேன். கடைசியில் அந்தத் துரோகத்தை நானே செய்தும் விட்டேன்.

சொல்லிவிடுவது என்று அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் தம்பி மனைவி ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "இதுல எதை வெச்சுக்கறது, எதைக் கிழிக்கறதுன்னு பாத்துச் சொல்லுங்க மாமா. நீங்க படிச்சவங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் நாள்வாரியாக அடுக்கியிருந்தன. எட்டாயிரம். ஏற்றிய மறுநாள் முப்பத்தோராயிரம். மூன்று நாளில் பன்னிரண்டாயிரம். எல்லாவற்றின் மூலையிலும் சிவப்பு டிக். நடுவில் ஒரு தாளில் என் பெயர் இருந்தது. கொடுப்பவருக்குச் செய்யும் பரிசோதனைத் தாளையும் நோயாளியின் காகிதங்களோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. 2,60,000. தேதி, நேரம் எல்லாம் தெளிவாக இருந்தது. மூலையில் சிவப்பு டிக்.

பப்பாளி இலை வந்தது அதற்கு மறுநாள். தெரிந்துகொண்டுதான் அனுப்பியிருக்கிறான். அது குத்தலா, அல்லது மனைவிக்கு முன்னால் அண்ணனின் பொய்யைக் காப்பாற்றினானா? இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் மனைவிக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது என்பது மட்டும் நிச்சயம். தெரிந்திருந்தால் கோப்பை என் மடியில் வைத்திருக்க மாட்டார்.

அவர் சொம்பில் தண்ணீரோடு வந்தார். நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "இப்பத்தான் குடிச்சேனுங்க அம்மணி," என்றேன். அதுவரை கோபத்தில் மறுத்த தண்ணீரை அன்றைக்கு வெட்கத்தில் மறுத்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. முட்டி வலியெல்லாம் விசாரித்து முடித்தார்.

"கவுன்ட் பாத்தீங்களா மாமா? எத்தனை வந்துச்சுங்க?"

"ரெண்டு லட்சத்து அறுபதாயிரமுங்க அம்மணி."

"அட! நல்லா ஏறிருச்சுங்களே! எப்பப் பாத்தீங்க?"

"அன்னைக்கே. தம்பிக்குக் குடுக்கறதுக்கு நீங்க கூப்பிட்டீங்களே, அன்னைக்கே அவ்வளவு இருந்துதுங்க. தாளு எங்கிட்டத்தான் இருக்குது. தம்பியும் அதைப் பாத்திருக்கறான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரும் போய் அணைக்கவில்லை. இரண்டாவது விசிலும் அடித்தது.

"சரிங்க மாமா," என்றார். போனை வைத்துவிட்டார்.