டில்லி அண்ணன் மாற்ற வந்த வண்டி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா இருந்தாராம், அவரிடம் ஒரே ஒரு குதிரை இருந்ததாம். அதைக் கொடுத்துவிட்டுப் புதுக் குதிரை எடுக்கலாமா என்று அவர் தாடையைச் சொறிந்த நாளில்தான் எங்கள் தொழில் பிறந்திருக்க வேண்டும்.

என் தாத்தா சொன்ன கதைகளில் குதிரை பறக்கும், பேசும், ஏழு கடல் தாண்டும். ஆனால் "இதுக்கு எவ்வளவு போட்டுக்குவீங்க?" என்று எந்த ராஜாவும் கேட்டதில்லை. அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்த நான், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பைக் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் மேசையில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். வருகிற பழைய வண்டியைச் சுற்றிப் பார்த்து, படிவத்தில் குறை எழுதி, விலை சொல்ல வேண்டும். பழைய வண்டியைக் கொடுக்கவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அல்லாடும் சக பாவிகளே! மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

கையில் ஒட்டியது

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு முதல் எதிரி உப்புக் காற்று. முன்னால் பளபளவென்று நிற்கும் வண்டியின் மட்கார்டுக்கு அடியில் விரலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வண்டி வந்ததும் நான் முதலில் அடியில்தான் கையை விடுவேன்.

காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். அவர் வண்டியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. "கைய வுட்டு நல்லா பாரு, எங்கனா துரு கீதா?" என்றார். விட்டேன். வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை கறுப்பு. காலையில்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார். கையை அவர் முன்னால் நீட்டினேன். ஆள் கொஞ்சமும் அசரவில்லை.

"புதுசா கீதுன்னு அர்த்தம் நைனா. பழசா இருந்தா கைல ஒட்டுமா?"

தண்ணீரே பார்க்காத வண்டி

இன்னொருவர் சடையங்குப்பத்துக்காரர். மழைக்காலத்தில் அங்கே தெருவுக்குள் படகு வரும் என்பது ஊருக்கே தெரியும். "வெள்ளத்துல நின்ன வண்டியாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மழை வருவதற்கு முன்னாலேயே வண்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாராம், நாலு பேர் தூக்கினார்களாம், அதில் ஒருவருக்கு இடுப்பே பிடித்துக்கொண்டதாம்.

சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு நத்தை. காய்ந்துபோய், ஆனால் முழுசாக, ஓட்டோடு இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மாடிப்படி ஏறி வந்திருக்கும்பா, வூடுன்னு நெனச்சுகினு."

சட்டைப்பைக் குரல்

இந்த மாதிரி ஆட்களிடம் அடித்துப் பேச வேண்டும். எனக்கு அது வராது. நான் பேசினால் எதிரில் இருப்பவர் காதை முன்னால் கொண்டுவர வேண்டும். பக்கத்து மேசையில் புது வண்டி விற்கும் நசீமா அக்கா பேசினால் டோல்கேட் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். நான் "வாங்கண்ணா" என்று வரவேற்றதே தெரியாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு.

பயிற்சிக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. மேனேஜர் பாஸ்கர் சார் கூப்பிட்டார். அந்த வாரத்துக்குள் ஒரு எக்ஸ்சேஞ்சையாவது நானே பேசி முடித்தால் மேசை எனக்கு. இல்லையென்றால் பின்னால் வண்டி கழுவும் வாட்டர் வாஷ் ஷெட்டுக்குப் போக வேண்டும். கெட்ட மனிதர் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"உன் குரல் உன் சட்டைப்பையத் தாண்டி வர மாட்டேங்குது தம்பி. அங்க போனா மோட்டார் சத்தத்துல யாரும் உன்ன பேசவே சொல்ல மாட்டாங்க."

தேவையில்லாத வெல்டிங்

மறுநாளே டில்லி அண்ணன் வந்தார். எர்ணாவூர்க்காரர். கண்டெய்னர் யார்டு ஒன்றில் வெல்டர். பதினாறு வருஷத்து வண்டி. உப்புக் காற்றில் அத்தனை வருஷம் ஓடியும் எலும்பெல்லாம் உறுதியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் என் பேனா நின்றது. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, இடது பக்கம், உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புப் படி ஒட்டியிருந்தது. சீட்டுக்குப் பின்னால் பஸ் கைப்பிடி மாதிரி வளைத்த ஒரு பைப். கேஸ் சிலிண்டர் ஏற்றுவதற்குப் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, படிவத்தில் 'தேவையில்லாத வெல்டிங்' என்று எழுதி விலையில் கழித்தேன்.

அண்ணன் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "புது வண்டில இந்த மாரி ஒண்ணு அடிச்சுக்கலாமா?" என்று கேட்டார். கம்பெனி கேரண்டி போய்விடும் என்றேன். வழக்கம்போல என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். தலையை ஆட்டினார்.

"எழுதிக்கப்பா. அடிச்சவன் நானு, எழுதுறவன் நீ."

பதினோரு உதை

அப்புறம் எதற்கு மாற்ற வந்தார் என்கிறீர்களா? அவருக்கு இடுப்பு வலி. கிக்கரை உதைக்க முடியவில்லை. போன வாரம் எர்ணாவூர் மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் அவர் மனைவி குமாரி அக்கா, அவருக்கும் பின்னால் வரிசையாக ட்ரெய்லர் லாரிகள், அத்தனையும் ஹாரன். அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாராம், "பட்டன் வண்டி வாங்கு, இல்ல நான் உன்கூட வர்ல."

அண்ணன் இரண்டாம் முறை வந்தபோது பாஸ்கர் சாரே வண்டியை ஓட்டிப் பார்க்க இறங்கினார். பதினோரு முறை உதைத்தார். டை தோளுக்குப் போனது, வண்டி இருமக்கூட இல்லை. டில்லி அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, வண்டியை இடது பக்கம் சாய்த்து, டேங்கை இரண்டு தட்டுத் தட்டி உதைத்தார். பிடித்துக்கொண்டது. "இதுக்குத்தான் சொல்றேன், புதுசு எடுங்க" என்றார் சார் மூச்சு வாங்க. அண்ணனும் சிவப்பு நிறத்தில் ஒன்றைக் காட்டி, சனிக்கிழமை சம்சாரத்தோடு வருகிறேன் என்றார். எனக்கு மேசை கிடைத்தது போலத்தான். நசீமா அக்கா மட்டும் பழைய வண்டியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"அவரு வுட்டுட்டுப் போவப்போறாருன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சு சார். அதான் உங்ககிட்ட மொரண்டு பண்ணுது."

குமாரி அக்கா இறங்கினார்

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. குமாரி அக்கா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார். இடது கால் நேராக நீட்டியபடி இருந்தது. ஒரு கையால் அந்தப் பைப்பைப் பிடித்து, வலது காலை அந்த இரும்புப் படியில் வைத்து, வீட்டு வாசற்படி இறங்குவது போல இறங்கினார். யார் கையையும் பிடிக்கவில்லை. எப்போதோ பஸ்ஸிலிருந்து விழுந்ததில் இடது முட்டி மடங்காதாம். படியின் நடுவில் பெயிண்ட் போய், செருப்புத் தேய்ந்து தேய்ந்து வெள்ளிபோல மின்னியது. கேஸ் சிலிண்டர்! என் படிவத்தைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

சிவப்பு வண்டியின் பின் சீட்டு பரண் உயரம். நசீமா அக்கா ஸ்டூல் கொண்டுவந்தார். அண்ணன் தூக்க, குமாரி அக்கா ஏற, எப்படியோ உட்கார்ந்தாயிற்று. நீட்டிய காலுக்கு வைக்க இடமில்லை, தொங்கியது. அண்ணன் பட்டனை அழுத்தினார். வண்டி பூனை மாதிரி உறுமியது. "பார்த்தீங்களா!" என்று பாஸ்கர் சார் கைதட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே, "நல்லாதான்யா கீது, எடு" என்றார். ஆனால் அவர் கை பின்னால் போய் அந்தப் பைப்பைத் தேடிக்கொண்டிருந்தது. இங்கே தடவியது, அங்கே தடவியது. அண்ணன் கியரைப் போட்டார்.

"நிறுத்துங்கண்ணா! அக்காவுக்குப் புடிக்க ஒண்ணுமில்ல!"

அது என் குரல்தான். செக்யூரிட்டி கேட்டை விட்டு ஓடிவந்தார். பின்னால் வாட்டர் வாஷ் மோட்டாரையே யாரோ நிறுத்திவிட்டார்கள். அண்ணன் பிரேக் பிடித்தார். அக்கா ஸ்டூலில் இறங்கி மூச்சு விட்டார். "உன் இடுப்புக்காகத்தான்யா ஏறுனேன்" என்று புருஷனிடம் சொன்னார். "ஸ்கூட்டர் காட்டவா?" என்றார் நசீமா அக்கா. நாத்தனார் ஸ்கூட்டரில் ஏற்கெனவே ஏறி விழுந்தாயிற்று என்றார் குமாரி அக்கா. நான் சொன்னேன், இந்த முறையும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "இத மாத்தாதீங்கண்ணா. கார்புரேட்டர சுத்தம் பண்ணி, பிளக் மாத்தி, கிக்கரப் பாத்தா ஒரே உதைல எடுக்கும்."

எங்கள் சர்வீஸ் பகுதியிலேயே இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. முதலில் பாஸ்கர் சாரையே உதைக்கச் சொன்னார் அண்ணன். ஒரே உதை. சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் படிவத்தை எடுத்து 'தேவையில்லாத' என்பதை அடித்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குமாரி அக்கா படியில் கால் வைத்து ஏறி, பைப்பைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இவ்ளோ பெரிய தொண்டைய வச்சுகினு எதுக்குப்பா ஊமை மாரி உக்காந்துகினு இருந்த?"

ரப்பர் பூட்ஸ்

அவர்கள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து மறையும் வரை நின்றேன். பக்கத்தில் பாஸ்கர் சார் வந்து நின்றார். டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமா குரல் கேக்கலன்னு சொன்னேன். இன்னைக்கு நல்லா கேட்டுச்சு, வண்டியும் போச்சு. திங்கக்கிழமை பின்னால வந்து ரப்பர் பூட்ஸ் வாங்கிக்க."

தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே நடந்து போனார். மூன்று மாதத்தில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் சரியான மதிப்புச் சொன்னேன், அதற்குப் பரிசாக ஒரு ஜோடி பூட்ஸும் கிடைத்தது.