ஏழாவது பை

பாலைவனத்து நடுவே இருக்கும் அல் குத்ரா ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறவர் அவர். ஒல்லியான ஆள், முகத்தில் பாதியை மறைத்த துண்டு, கையில் குப்பை பொறுக்கும் நீள இடுக்கி. கூடாரம் அடிக்கத் திணறிய நான் மனைவியிடம் தமிழில் அலுத்துக்கொண்டதைக் கேட்டு அருகில் வந்தார். நான் அறைந்திருந்த முளைகளைக் காலால் தட்டினார். எல்லாம் சாய்ந்தன.

"மணல்ல முளை நிக்காது சார். கேரி பேக் இருக்கா?"

ஏழு பைகளில் மணலை நிரப்பி, ஒவ்வொன்றிலும் கூடாரக் கயிற்றைக் கட்டிப் புதைத்தார். "கலாஸ், முடிஞ்சுது. இனி அசையாது."

சாயங்காலம் அடித்த காற்றில் பக்கத்துக் கூடாரம் தண்ணீர்வரை உருண்டது. எங்களுடையது நின்றது. அதன்பின் அவர் இருட்டும்வரை ஒவ்வொரு கூடாரமாகப் போய்ப் பை புதைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் கிளம்பும்போது வந்து டிக்கியை எட்டிப் பார்த்தார்.

"பையெல்லாம் எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சுங்க."

"ஆறுதான் இருக்கு. விட்டுட்டுப் போனா மான் தின்னுடும் சார்."

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

கூடாரத்தைச் சுருட்டி எடுத்த வெறும் மணலில் நேராக ஓரிடத்துக்குப் போய், குனிந்து, ஏழாவதை உருவினார். மணலை உதறி என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த கூடாரத்துக்கு நடந்தார்.

அங்கே போய், "உங்களது ஒன்பது பை" என்று இந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது. கரையில் இன்னும் முப்பது கூடாரங்களாவது இருந்தன.