சவரிமுத்துவின் செருப்பு சுருங்கிய கதை

ரொட்டி சானாய்க்கு, அதாவது மலேசியப் பரோட்டாவுக்கு, மாவு வீசுகிறவன் கண்ணெதிரே வளர்வது இரண்டு: கல்லில் ரொட்டி, நாற்காலியில் வாடிக்கையாளர். என்னைப் போலவே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட ரொட்டிக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

வெள்ளக் குழம்பு

சுங்கைப் பட்டாணியில் என் கடை. ஒருமுறை நான் வீசிய ரொட்டி காற்றில் பறந்து குனோங் ஜெராய் மலை உச்சியில் தொப்பியாக உட்கார்ந்துவிட்டது; அதைத்தான் ஊரில் மேகம் என்கிறார்கள். அப்போதுகூடத் தட்டிலிருந்து தலை தூக்காதவர் சவரிமுத்து. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அவருக்குத் தினமும் நெய்யில் ஊறிய ரொட்டி நான்கு, மேலே குழம்பு ‘பஞ்சிர்’, அதாவது தட்டே மூழ்கும் வெள்ளம். குடிப்பதோ சீனி போடாத தேநீர்.

“டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னாருலா அண்ணே. சீனியை நிறுத்திட்டேன் பாருங்க!”

மழையில் நனைந்தது

ஒரு காலை, லாரியிலிருந்து மேசைக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. “கால் வீங்கியிருக்கு தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போ” என்றேன்.

“காலுக்கு ஒண்ணுமில்ல. செருப்புதான் மழையில சுருங்கிப்போச்சு.”

திரையில் தெரிந்தவன்

மனைவி மேரி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். குற்றவாளி என்ற முறையில் நானும் போனேன். இருட்டறையில் ஸ்கேன் திரையில் அவர் இதயம் திறந்து மூடியது. கைப்பிடிச் சதை, பிறந்ததிலிருந்து உட்காராத சதை! புளுகிப் பழகிய நான் அதன் துடிப்பை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

டாக்டர் சின்னப் பெண். “கொழுப்பு சும்மா தூங்குதுன்னு நினைக்காதீங்க அங்கிள். அளவுக்கு மீறினா, ‘ஆபத்து, ஆபத்து’ன்னு ரத்தத்துல சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். உள்ளுக்குள்ள வீக்கம், அழற்சி. திருடனே இல்லாத வீட்ல ஓயாம அலாரம் அடிச்சா எப்படி? அதைக் கேட்டுக் கேட்டு இதயம் விறைச்சுப்போகுது. அதான் கால்ல நீர் கோத்து வீங்குது, மூச்சு வாங்குது.”

வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இப்படி ஒரு தபால் ஓடுகிறதா? அதில் பாதிக் கடுதாசி என் கல்லில் எழுதியது!

“மறுபடி லாரி ஏறுவேனா?” என்றார் சவரிமுத்து. மருந்து, சாப்பாடு, நடை மூன்றும் சரியாக இருந்தால் பார்க்கலாம் என்றாள் டாக்டர். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மேரி, பாவம், நெஞ்சுக்குள்ள துடிக்கிற இவனுக்கு நான் ஒரு நாள்கூட லீவு குடுக்கலியே.”

ஒற்றைத் தோசை

பல மாதம் லாரி அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. அவர் திடல் சுற்றி நடந்தார். என் கடைப் பக்கம் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் ஹார்ன் சத்தம். லாரியிலிருந்து தானே இறங்கி, ஒற்றைத் தோசை, கொஞ்சம் பருப்பு கேட்டார். மூச்சு வாங்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டினார்.

“அண்ணே, அதே செருப்புதான்லா, இப்ப கழண்டு கழண்டு விழுது!”

இப்போதெல்லாம் ‘பஞ்சிர்’ கேட்கிற ஒவ்வொருவர் காலையும் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். கிழவன் மரியாதை தெரிந்தவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.